நூறு ரூபாய் ஆம்ப் போர்டை பழைய ரேடியோ பெட்டிக்குள்ள புகை வராம மாட்டுறது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள் இருக்குல்ல, அங்க ஒரு வால்வு ரேடியோ பெட்டி கிடைச்சுது, உள்ள பாதி ஐட்டம் காணோம், ஆனா தேக்கு மரம், முன்னாடி துணி கிரில்லும் கிழியாம இருந்துச்சு. ஆயாவுக்கு காலையில பாட்டு வேணும், போன்ல போட்டா கொசு கத்துற மாதிரி இருக்குன்னு ஒரே புலம்பல். சரி, இதுக்குள்ள ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டை வச்சுக் கொடுத்துடலாம்னு உக்காந்தேன். முதல் போர்டு பத்து செகண்ட் கூட தாங்கல.

நான் வாங்கினது பிஏஎம்8403 சிப் போட்ட போர்டு, தபால் தலையை விட கொஞ்சம் பெருசு, நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். கிளாஸ் டி டைப், கரண்ட்டை சூடாக்கி வீணாக்குறது கம்மி, அதனால ஹீட் சிங்க் (சூட்டை வெளியேத்துற தகடு) எல்லாம் தேவையில்ல. 5 வோல்ட்ல 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு 3 வாட்னு போட்டிருப்பாங்க, அந்த 3 வாட்டை தொடும்போது சத்தம் கிழிய ஆரம்பிச்சிருக்கும், ரெண்டு வாட்னு கணக்கு வச்சுக்கிட்டா நிம்மதி.

இப்ப என் போர்டு ஏன் போச்சுன்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இதே இடத்துலதான் விழுவாங்க. பழைய டேப் ரெக்கார்டர் நோண்டின பழக்கத்துல, ரெண்டு ஸ்பீக்கரோட மைனஸையும் சேர்த்து ஒரே ஒயரா கிரவுண்ட்ல கொண்டுபோய் பத்த வச்சுட்டேன். இந்த போர்டுல ஸ்பீக்கர் மைனஸ்னு போட்டிருக்கே, அது கிரவுண்டே இல்ல. பிளஸ், மைனஸ் ரெண்டு கம்பியையும் சிப் எதிரெதிரா ஆட்டும், பிரிட்ஜ்னு சொல்லுவாங்க. நம்பலைன்னா மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, கருப்பு முனையை சப்ளை மைனஸ்லயும் சிவப்பை ஸ்பீக்கர் மைனஸ்லயும் வச்சுப் பாருங்க, பாட்டு ஓடாதப்பவும் சுமார் 2.5 வோல்ட் காட்டும். பிளஸ்லயும் அதே 2.5, அதனாலதான் ரெண்டுக்கும் நடுவுல ஒன்னும் இல்லாம ஸ்பீக்கர் சும்மா கிடக்கு. அந்த மைனஸை கிரவுண்டோட சேர்த்தா ஷார்ட்தான். சிப்புக்குள்ள ஷார்ட் பாதுகாப்பு இருக்குன்னு டேட்டாஷீட் (சிப் கம்பெனி தர்ற விவரத்தாள்) சொல்லும், இருக்கட்டும், அதை நம்பி டெஸ்ட் பண்ணாதீங்க. ஆக, நாலு ஒயர் தனித்தனியா போகணும். ஹெட்போன் ஜாக்கையும் இதோட அவுட்புட்ல மாட்டக்கூடாது, ஹெட்போன்ல ரெண்டு பக்க மைனஸும் ஒன்னா சேர்ந்துதான் இருக்கும்.

அடுத்து சப்ளை. 5 வோல்ட், அதிகபட்சம் 5.5, அதுக்கு மேல போகாதீங்க. வீட்ல சும்மா கிடக்குற செட்டாப் பாக்ஸ் அடாப்டர் முக்காவாசி 12 வோல்ட், பின்னு பொருந்துதுன்னு சொருகினா போர்டு காலி. பிளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்தாலும் காலி. ரெண்டு பக்கமும் முழு சத்தத்துல ஓடினா ஒரு ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால 2 ஆம்பியர் போன் சார்ஜர் நல்லது. சப்ளை கால்ல ஒரு 1000 மைக்ரோ ஃபாரட், 10 வோல்ட் கெபாசிட்டர் போட்டா மிருதங்கம் விழுற இடத்துல சத்தம் தடுமாறாது. பவர் பேங்க்ல போடலாமான்னா போடலாம், ஆனா பாட்டை மெதுவா வச்சா இது இழுக்குற கரண்ட் ரொம்ப கம்மி, போன் சார்ஜ் ஆகி முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு பவர் பேங்க் தானா அணைஞ்சிடும். ஒரு 18650 லித்தியம் செல்லை சார்ஜிங் போர்டோட நேரா கொடுத்தாலும் 3.7 வோல்ட்ல ஓடும், சத்தம் கொஞ்சம் குறையும் அவ்வளவுதான். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்குற ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் பேட்டரி பாடம் எடுக்கக்கூடாது, இதோட விட்டுடுறேன்.

இன்புட்டுக்கு பழைய இயர்போன் ஒயரை வெட்டினேன். உள்ள இருக்குற கம்பி மேல எனாமல் பூசியிருக்கும், நூலும் கலந்திருக்கும், அப்படியே பத்த வச்சா ஈயம் உருண்டு உருண்டு ஓடும். நுனியை சால்டரிங் அயர்ன்ல ஈயத்தோட சேர்த்து நல்லா சூடு காட்டுங்க, எனாமல் கருகி கம்பி வெள்ளியா மின்னும், அப்புறம் பிடிச்சுக்கும். புகையை மூஞ்சில வாங்காதீங்க. கலரை நம்பாதீங்க, ஜாக்கோட நுனி லெஃப்ட், நடு வளையம் ரைட், அடிப்பக்கம் கிரவுண்ட், மீட்டர்ல பீப் வச்சு கண்டுபிடிங்க. ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்குன்னா லெஃப்ட், ரைட் ரெண்டையும் ஆளுக்கொரு 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் வழியா சேர்த்து ஒரு இன்புட்ல கொடுத்துட்டு இன்னொன்ன விட்டுடுங்க. அவுட்புட்டை மட்டும் எப்பவும் சேர்க்காதீங்க.

புளூடூத் மாட்யூல் மாட்டுறவங்களுக்கு ஒரு தலைவலி காத்திருக்கு. மாட்யூலுக்கும் ஆம்புக்கும் ஒரே 5 வோல்ட் கொடுத்தா பாட்டுக்குப் பின்னாடி கிய்ய்ய்னு ஒரு சத்தம், பாட்டு நின்னாலும் அது நிக்காது. ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் வழியா வர்ற வினைதான். கெபாசிட்டரா போட்டு ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன், ஒன்னும் நடக்கல. பி0505எஸ்னு ஒரு சின்ன கருப்புக் கட்டி, 5 வோல்ட் வாங்கி தனியா பிரிச்ச 5 வோல்ட் கொடுக்கும், அதை மாட்யூலுக்கு மட்டும் போட்டதும் கப்சிப்.

பெட்டி விஷயம். உள்ள வால்வு சேஸிஸ் (வால்வு எல்லாம் மாட்டியிருக்குற உலோகத் தட்டு) முழுசா இருந்தா கத்திரி போடாதீங்க ப்ளீஸ், கழட்டி பத்திரமா வைங்க, என்னைக்காவது யாராவது உயிர் கொடுப்பாங்க. கரண்ட் கொடுத்துப் பாத்த செட்டுன்னா அந்தப் பெரிய கெபாசிட்டர்ல 200 வோல்ட்டுக்கு மேல கூட தங்கியிருக்கும், மீட்டர் வச்சுப் பாக்காம கை வைக்காதீங்க. கழட்டுற ஸ்பீக்கர்ல எழுத்து அழிஞ்சிருந்தா ஓம்ஸ்ல வச்சுப் பாருங்க, மூணரை கிட்ட காட்டினா 4 ஓம், ஆறு ஏழுன்னா 8 ஓம். ரெண்டுமே இதுக்கு ஓகே. நான் 3 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு புதுசா போட்டு, பின்பக்கம் பிளைவுட் அடிச்சு இடுக்குல பஞ்சு அடைச்சேன், திறந்த பெட்டியில இல்லாத கனம் அப்பதான் வந்துச்சு.

சத்தம் பத்தலைன்னு பெரிய போர்டுக்கு ஓடாதீங்க. எங்க வளவுல (வீட்டு உள் முற்றம்) கீழ ஆத்தங்குடிக் கல்லு, சுவத்துல முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச பூச்சு, ஒரு ஸ்பூன் விழுந்தா கூட நாலு தூணும் பதில் சொல்லும். நடுவுல வச்சா வார்த்தையே புரியல, பட்டாலை (உள் திண்ணை) ஓரமா ஆயா உக்கார்ற பக்கத்துல தள்ளி வச்சதும் கால்வாசி வால்யூமே போதும்னு ஆயிடுச்சு.

முதல் நாள் ஆயா வால்யூமை முழுசா திருகிட்டு, "என்னப்பு, கரகரங்குது"ன்னாங்க. எந்த இடத்துல கரகரப்பு ஆரம்பிக்குதுன்னு காட்டினேன், நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்துல ஒட்டிட்டாங்க, இப்ப திருகு பொட்டைத் தாண்டுறதில்ல.