வெளிநாட்டுப் பழைய படகை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரலாமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

2011 ஜூலை இறுதியில் ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு 1.10 அமெரிக்க டாலர் கிடைத்தது. அந்த நாட்களில் ஃபுளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் விற்பனைக்கு நின்ற பழைய படகுகளை வாங்கிச் சிட்னிக்கோ பிரிஸ்பேனுக்கோ கொண்டுவந்தவர்களுக்கு ஆதாயம் இருந்தது. அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி நாணய மாற்றிலிருந்து வந்ததே தவிர, படகு மலிவாக இருந்ததால் வந்ததன்று. அண்மை ஆண்டுகளில் அதே டாலருக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 அமெரிக்க சென்ட் வரைதான் கிடைக்கிறது. ஆகவே, "அமெரிக்காவில் படகு மலிவு" என்ற பழைய பேச்சை மட்டும் நம்பி இறங்குவது சரியன்று. உள்நாட்டில் கிடைக்கவே கிடைக்காத வகைப் படகாக இருந்தால் இறக்குமதியைப் பற்றி யோசியுங்கள். அதே வகைப் படகு மெல்போர்னிலோ கோல்ட் கோஸ்ட்டிலோ விற்பனைக்கு இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள் என்பதே என் கருத்து.

விளம்பரத்தில் காணும் விலையை ஒதுக்கிவிட்டு, படகு நம் துறைமுகத்தில் இறங்கி வரி கட்டி முடிக்கும்போது ஆகும் மொத்தச் செலவை, அதாவது இறங்கு விலையை, கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 60,000 அமெரிக்க டாலர் விலையுள்ள ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். மாற்று விகிதம் 65 சென்ட் என்றால் அது ஏறத்தாழ 92,300 ஆஸ்திரேலிய டாலர். கப்பல் கூலியும் காப்பீடும் 30,000 என்று வைத்துக்கொண்டால், 10 சதவீத ஜிஎஸ்டி படகின் விலைக்கு மட்டுமன்றி இந்த 30,000-க்கும் சேர்த்தே விதிக்கப்படும். ஆக வரி 12,230 டாலர், மொத்தம் 1,34,530 டாலர். படகு அமெரிக்காவில் கட்டப்பட்டதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். வேறு நாட்டில் கட்டப்பட்டிருந்தால் படகின் விலைமீது பொதுவாக 5 சதவீதச் சுங்க வரியும் சேரும். அந்தச் சுங்க வரிக்கும் மேல் ஜிஎஸ்டி உண்டு என்பதால் மொத்தம் 1,39,600 டாலரைத் தாண்டிவிடும்.

இந்த இடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய – அமெரிக்கத் தாராள வணிக ஒப்பந்தம், அமெரிக்காவில் வாங்கிய படகுக்குச் சலுகை தருவதில்லை. அமெரிக்காவில் உருவான படகுக்கே தருகிறது. பெனட்டோ என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குத் தென் கரோலினாவின் மேரியன் நகரிலும் கட்டுமானத் தளம் இருந்ததால், ஒரே பெயர் தாங்கிய இரண்டு படகுகளில் ஒன்றுக்குச் சலுகை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்ற நிலைகூட ஏற்படலாம். எங்கே கட்டப்பட்டது என்பதற்கு எழுத்துபூர்வமான சான்றை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். தரகரின் வாய்ச்சொல் சுங்க அதிகாரியிடம் செல்லாது.

அடுத்தது வில்லங்கம். ஊரில் ஒரு மனை வாங்குவதென்றால் மூலப்பத்திரத்தைப் பார்த்து, வில்லங்கச் சான்றிதழ் எடுக்காமல் யாரும் பணத்தை எண்ணிக் கொடுக்க மாட்டார்கள். படகுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையிடம் பதிவான படகென்றால், மேற்கு வர்ஜீனியாவில் உள்ள அதன் பதிவு மையத்திலிருந்து உரிமை வரலாற்றுச் சுருக்கம் ஒன்றைக் கட்டணம் கட்டிப் பெறலாம். முந்தைய உரிமையாளர்கள், அடமானங்கள், பதிவான உரிமைக் கோரிக்கைகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மாநிலப் பதிவு மட்டும் உள்ள படகென்றால் அந்த மாநிலத்தின் உரிமைப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் கடல்சார் சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. பழுதுபார்த்த பட்டறைக்கோ வேலை செய்த மாலுமிக்கோ சேர வேண்டிய பாக்கி, எங்கும் பதிவாகாமலேயே படகின் மேல் ஏறி நிற்கக்கூடும். உரிமையாளர் மாறினாலும் அது படகை விட்டு இறங்காது. எனவே, அத்தகைய பாக்கி எதுவும் இல்லை என்றும், பின்னால் தெரியவந்தால் தாமே பொறுப்பு என்றும் விற்பவர் எழுதிக் கொடுப்பதோடு, படகு நின்ற மரீனா என்னும் படகு நிறுத்துமிடத்திலும் கடைசியாகப் பழுதுபார்த்த பட்டறையிலும் நீங்களே விசாரித்துக்கொள்வது நல்லது. விற்பனைக்குப் பின் அமெரிக்கப் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றையும் மறக்காமல் வாங்குங்கள்.

படகைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நேரில் போக முடியாவிட்டால், படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் ஒருவரை, தரகர் பரிந்துரைக்காதவராகப் பார்த்து, நீங்களே அமர்த்துங்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் படகு எப்போதாவது மூழ்கியிருக்கிறதா என்பதுதான். 2012-இல் வீசிய சாண்டி புயலில் மட்டும் அமெரிக்காவில் 65,000-க்கும் மேற்பட்ட பொழுதுபோக்குப் படகுகள் சேதமடைந்ததாக மதிப்பிடப்பட்டது. 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை இயன் புயல் தாக்கியது. காப்பீட்டு நிறுவனங்கள் கைகழுவிய படகுகள் பழுதுபார்க்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. வெளியே எவ்வளவு மினுமினுத்தாலும், உள்ளே நீர் நின்ற தடம் எளிதில் போவதில்லை. தரைப்பலகையைத் தூக்கி, அலமாரியின் பின்சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கலான கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள திருகாணிகள் துருவேறியும் மேலே உள்ளவை பளிச்சென்றும் இருந்தால், நீர் எதுவரை ஏறியது என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. மின்கம்பியின் முனையை ஓர் அங்குலம் உரித்துப் பார்த்து, உள்ளே செம்பு கறுத்திருந்தால் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டிவரும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். ஃபுளோரிடாவில் வேரூன்றிவிட்ட மேற்கிந்தியத் தீவுக் கறையான், மண்ணின் ஈரம் இல்லாமலே காய்ந்த மரத்துக்குள் வாழக்கூடியது. குயின்ஸ்லாந்து அரசு அதை ஒழிக்கப் பல பத்தாண்டுகள் போராடியது. படுக்கைக்கு அடியிலோ படிக்கட்டின் மூலையிலோ கசகசாவைக் கொட்டியதுபோல் சிறு மணிகள் கிடந்தால் விரலில் எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஆறு பட்டைகளுடன் இருந்தால் அது அந்த வகைக் கறையானின் எச்சம். அத்தகைய படகை இங்கே இறக்கினால், உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் பூச்சிகளைக் கொல்ல நச்சுப்புகை மூட்டச் சொல்வார்கள். அந்தச் செலவு உங்களுடையது. படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளையும் பாசியையும் சுரண்டிக் கழுவியே ஏற்ற வேண்டும். இவை போக, செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அமெரிக்காவிலிருந்து ஏற்றப்படும் படகுகளுக்குப் சரக்கில் ஒளிந்து வரும் பயிர்ப்பகையான பழுப்பு நாற்றப்பூச்சிக்கு எதிரான கட்டாயச் சிகிச்சை உண்டு. மூடிய கன்டெய்னரில் அல்லாமல் திறந்த நிலையில் ஏற்றப்படுபவற்றுக்கு அது புறப்படும் நாட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் ஏற்றுவதே எளிய வழி.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் தரக்கூடிய கல்நாரான ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை இருக்கிறது. எவ்வளவு சிறிய அளவாயினும் விலக்கு கிடையாது. பழைய படகுகளில் புகைக்குழாயைச் சுற்றிய உறையிலும், எஞ்சின் கேஸ்கட்டிலும், சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் திணிக்கும் கயிற்றிலும், அடுப்புக்குப் பின்னால் உள்ள தகட்டிலும் அது இருக்கக்கூடும். சந்தேகமான இடங்களில் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, இருந்தால் அகற்றிய பின்னரே கப்பலேற்றுங்கள். எல்லையில் வந்து அகப்பட்டால் தாமதமும் அபராதமும் படகின் ஆதாயத்தையே விழுங்கிவிடும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, 40 அடிக் கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்தான், அதற்குள் அடங்கும் படகுக்குச் செலவு குறைவு. அடங்காதவற்றைப் பக்கச் சுவரும் கூரையும் இல்லாத தட்டைத் தளக் கன்டெய்னரில் கட்டியோ, வாகனக் கப்பலில் படகைத் தாங்கும் சட்டமான தொட்டிலோடு உருட்டி ஏற்றியோ கொண்டுவர வேண்டும். காப்பீடு இல்லாமல் ஏற்றாதீர்கள். கப்பலைக் காப்பாற்ற மாலுமிகள் சிலரது சரக்கைப் பலி கொடுக்க நேர்ந்தால், அந்த இழப்பைச் சரக்கு ஏற்றிய அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய விதி; உங்கள் படகில் ஒரு கீறல்கூட விழாதிருந்தாலும், பங்குக்கு உத்தரவாதம் தரும்வரை அதை விடுவிக்க மாட்டார்கள். பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்கைத் தாமே ஓட்டிக் கடந்துவர விரும்புவோருக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயல் காலம் ஒரு வேலி; அப்படி வந்தாலும் அனுமதிக்கப்பட்ட துறைமுகத்தில் மட்டுமே, முன்னறிவிப்புடன் நுழைய வேண்டும், வரியும் கட்ட வேண்டும்.

வந்து இறங்கிய பின்பும் செலவு நிற்காது. கரையில் நிற்கும்போது அமெரிக்கப் படகு எடுக்கும் கரைமின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைச் சரிசெய்யும், ஹெர்ட்ஸைச் சரிசெய்யாது என்பதால், குளிர்சாதனத்தை மாற்றவே நேரிடலாம். சமையல் எரிவாயு இணைப்பை இங்குள்ள தரத்துக்கு ஏற்ப மாற்றிச் சான்றிதழ் பெற வேண்டும். படகைச் சாலையில் ஏற்றிச் செல்லும் இழுவண்டியை அங்கேயே விற்றுவிடுங்கள். அங்கே அனுமதிக்கப்படும் 102 அங்குல அகலம் ஏறத்தாழ 2.59 மீட்டர், இங்குள்ள வரம்பு 2.5 மீட்டர்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பொதுவாக விலையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கேட்பார்கள். சர்வேயும், படகைக் கடலில் ஓட்டிப் பார்க்கும் கடலோட்டமும் திருப்தி தராவிட்டால் அது முழுமையாகத் திரும்ப வேண்டும் என்பதோடு, ஆஸ்பெஸ்டாஸ் சோதனையின் முடிவும், கட்டப்பட்ட நாட்டுக்கான சான்றும், வில்லங்கமில்லாத உரிமையும் அதே நிபந்தனைப் பட்டியலில் இருக்கட்டும். முன்பணத்தை விற்பவரின் கையில் கொடுக்காமல், மூன்றாம் நபரின் பொறுப்புக் கணக்கில் வையுங்கள். இந்த நிபந்தனைகளில் ஒன்றையேனும் எழுத மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சைத் தொடராதீர்கள்.