ஒகாப்பிக் கத்தியில் துரு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையோரத்தில் இரும்புச் சாமான் வைத்திருப்பவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் சோதனைக் காலம். வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வரும், கடற்காற்றில் உப்பு வேறு. கராஜில் தொங்கும் ரம்பம் முதல் சட்டைப் பையில் இருக்கும் மடக்குக் கத்தி வரை எதையும் விடாது.

இங்கே மடக்குக் கத்தி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒகாப்பிதான். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விற்பதற்கென்றே 1902-இல் ஜெர்மனியில் தொடங்கிய கத்தி. 1988-க்குப் பிறகு டர்பன் இருக்கும் நம் க்வாஸூலு-நடால் மாகாணத்திலேயே தயாராகிறது. மரப்பிடி, அதில் பதித்த பிறையும் நட்சத்திரமும், கடகடவென்று திறக்கும் பூட்டு. விலை குறைவு, தீட்டினால் சட்டென்று கூராகும். ஆனால் அலகு கார்பன் எஃகு, துரு ஏறத்தான் செய்யும். மேலாக ஏறிய துருவால் கத்தி பாழாவது அபூர்வம். அதை எடுக்கிறேன் பேர்வழி என்று நாம் செய்யும் வேலைகளில்தான் பெரும்பாலும் பாழாகிறது.

முதலில், கறுப்பையெல்லாம் துரு என்று நினைக்க வேண்டாம். ஊறுகாய்க்குப் பச்சை மாங்காய் நறுக்கினால் அலகில் நீலமும் சாம்பலும் கலந்த கறை படியும். விரலால் தேய்த்தாலும் வராது. அது இருப்பது நல்லது. செந்துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். பளபளப்புக்காக அதைச் சுரண்டி எடுத்தால் துருவுக்கு நாமே வழி விட்டதாகிவிடும். விரலில் செம்மண் நிறப் பொடி ஒட்டினால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது வினிகர். ராத்திரி ஊறப் போட்டுக் காலையில் எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வினிகரும் புளியும் துருவைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் துரு தீர்ந்ததும் அமிலம் நின்றுவிடாது, எஃகையும் அரிக்கத் தொடங்கும். காலையில் பார்த்தால் அலகு மங்கி, கூர் போயிருக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகியவர்களுக்குக் கத்திக்கும் அதே வைத்தியம் தோன்றலாம். பித்தளைக்குச் சரி, இதற்குச் சரிவராது. அமிலம்தான் வேண்டும் என்றால் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். கொஞ்சம் அசந்தாலும் கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் படரும். பிளீச் பக்கமே போகாதீர்கள். அது துருப்பிடிக்காத எஃகையே குழிகுழியாக அரித்துவிடும்.

முரட்டு உப்புத்தாளும் வேண்டாம். அது போடும் கீறல்களில் ஈரம் தங்கி, அடுத்த துரு அங்கிருந்தே தொடங்கும். துருவின் மேல் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு அலகைப் பலகை மேல் படுக்க வைத்து, மிக மென்மையான நாலு சைபர் (0000) இரும்புப் பஞ்சால் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். விரல் கூர்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாணை கிரைண்டரில் பிடிப்பதும் அடுப்புத் தீயில் காட்டி உலர்த்துவதும் ஒரே தவறுதான். அலகில் நீலம் பாய்ந்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பதம் இறங்கிப்போன அந்த இடத்தில் கூர் நிற்காது.

எல்லாரும் மறக்கும் இடம் மூட்டு. ஜூன், ஜூலையில் மாகாணத்தின் தென்கரைக்குச் சார்டின் (மத்தி) மீன் கூட்டம் வரும்போது பாருங்கள்: மீன் அறுத்த கத்தியைக் கால்சட்டையில் ஒரு இழுப்பு இழுத்து, மடக்கி, பையில் போட்டுவிடுவார்கள். அலகு பளிச்சென்று இருக்கும். மூட்டுக்குள் செதிலும் உப்பும். உப்பு காய்ந்தாலும் சும்மா இருக்காது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் திறந்து நல்ல தண்ணீரை மூட்டில் ஓட விட்டு, தட்டி உதறி, காற்றில் உலர்த்துங்கள். ஊறப் போட்டால் மரப்பிடி உப்பி அலகு இறுகிவிடும். காய்ந்ததும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பல தடவை திறந்து மூடுங்கள். பழுப்பாக வழிவதைத் துடையுங்கள். தெளிந்த எண்ணெய் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். முதுகுப் பக்கத்து வில்லையும் (ஸ்பிரிங்), பூட்டை விடுவிக்கும் வளையத்தையும் விட்டுவிடாதீர்கள், அவையும் துருப்பிடிக்கும்.

எந்த எண்ணெய்? சூரியகாந்தி எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகி மூட்டை இறுக்கிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் மெல்லிய படலம், நீடிக்காது. பழம் நறுக்கும் கத்திக்கு மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் நல்லது. அடுப்புக்கு ஊற்றுகிற பாரஃபின் (மண்ணெண்ணெய்) அல்ல, கவனம்.

தோல் உறையிலோ பிளாஸ்டிக் பையிலோ மாதக் கணக்கில் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய் தடவி, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் வைத்தால் போதும்.

துருவை எடுத்த பிறகு அலகில் சிறு குழிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கூர்முனை வரை போயிருந்தால் மட்டும் தீட்டி எடுங்கள். பூட்டின் பல்லோ வில்லோ அரித்து, திறந்த அலகு பிடிக்காமல் நழுவினால் கதை வேறு. வெட்டும்போது அது விரல் மேல் மடங்கும். அதைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.