குகைக்குள் ஆட்களை அழைத்துப் போகும் தகுதி: படையினருக்கும் கடேட் பொறுப்பாளர்களுக்கும் ஓர் ஆரம்பப் பாடம்

2018 ஜூலை 2ஆம் திகதி, தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் ஒன்பது நாளாகச் சிக்கியிருந்த 12 சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்றுநரையும் முதலில் கண்டவர்கள் படையினர் இல்லை. பிரித்தானியாவிலிருந்து வந்த இரண்டு சாதாரணக் குடிமக்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினித் துறைக்காரர். குகை நீரில் சுழியோடுவது இருவருக்கும் பல வருடப் பழக்கம். தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் பிரிவும் அங்கேதான் நின்றது. துணிச்சலிலோ உடல் பலத்திலோ அவர்களுக்குக் குறையில்லை. ஆனால் அவர்கள் பழகியது திறந்த கடலில். தலைக்கு மேல் கல் இருக்க, கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல் நீர் வேறு உலகம். அந்தப் பிரிவில் முன்பு இருந்த சமன் குனான் என்பவர், காற்றுச் சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜூலை 6இல் உயிரிழந்தார்.

சீருடை போட்டவருக்குக் குகை சலுகை காட்டாது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

கொழும்பில் இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. பாடசாலைக் கடேட் அணிக்குப் பொறுப்பான மாஸ்டர்மார் ஒரு வகை. லண்டனில் இருக்கும் அண்ணன் மகனோ அக்கா மகளோ பிரித்தானியப் படையில் சேர்ந்து, "கேவிங் கோர்ஸ் போகிறேன்" என்று வட்ஸ்அப்பில் போட்டுவிட, இங்கே வெள்ளவத்தையில் தூக்கம் கெடுபவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பிரித்தானிய முறையை எடுத்துக்கொண்டது, அதில் யார் யாரை எங்கே கூட்டிப் போகலாம் என்பது ஒளிவுமறைவில்லாமல் வகுக்கப்பட்டிருப்பதால்.

படி 1: ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரித்தானிய முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு சாகசப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. மலையேற்றம், பாய்க்கப்பல், சுழியோடல், பனிச்சறுக்கு வரிசையில் குகையும் ஒன்று. அங்கே துப்பாக்கிக்கு வேலையில்லை. பயம் வரும் இடத்தில் ஆள் எப்படி நடந்துகொள்கிறார், பக்கத்தில் இருப்பவரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதைப் பழக்குவதுதான் நோக்கம். அடிப்படை, தலைவர், பயிற்றுநர் என்று படிகள் ஏறும். (விண்வெளி வீரர்களைக்கூட ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2011 முதல் சார்டீனியாத் தீவின் குகைகளில் இறக்கிப் பழக்குகிறது. காரணம் கிட்டத்தட்ட இதேதான்.)

குடிமக்கள் பக்கத்தில் தகுதி கொடுப்பது பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன். அவர்களுடைய ‘லோக்கல் கேவ் அண்ட் மைன் லீடர்’ தகுதியில் இரண்டு நிலைகள். முதல் நிலைக்காரர், கயிற்றில் தொங்கி இறங்கத் தேவையில்லாத குகைகளுக்குக் குழுவை அழைத்துப் போகலாம். இரண்டாம் நிலைக்காரர் 18 மீற்றர் வரையான செங்குத்து இறக்கங்களையும் கையாளலாம். இதற்கெல்லாம் மேலே ‘கேவ் இன்ஸ்ட்ரக்டர் சேர்ட்டிபிகேட்’ இருக்கிறது.

முதல் இரண்டு நிலைகளிலும் ‘லோக்கல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தகுதி, அவர் தேர்வில் தேறிய பகுதியின் குறிப்பிட்ட குகைகளுக்குத்தான். யோர்க்‌ஷயரில் தேறியவர் அந்தக் கடதாசியைக் காட்டி சவுத் வேல்ஸில் குழுவை இறக்க முடியாது. அங்குள்ள குகைகளையும் தெரிந்துகொண்டு, தகுதியை விரித்துக்கொள்ள வேண்டும். காலி வீதியில் இருபது வருடம் பஸ் ஓட்டினவரை ஹப்புத்தளை வளைவுகளில் முதல் நாளே நாற்பது பேரோடு விடமாட்டோம் இல்லையா?

பதவியும் செல்லாது. தகுதி கோப்ரலிடம் இருந்தால் கேணல் அவர் பின்னால்தான் தவழ வேண்டும்.

படி 2: முதலில் வாலில் போங்கள்

தலைவராக வர ஆசைப்படுபவர் முதலில் வேறொருவர் அழைத்துப் போகும் குழுவில் சும்மா ஓர் ஆளாகப் போக வேண்டும். பல தடவை, பல விதக் குகைகளுக்கு, பல தலைவர்களுடன். நல்ல தலைவரிடம் கற்பது பாதி. எரிச்சல் வரும் தலைவரிடம், "நான் இப்படிச் செய்யமாட்டேன்" என்று கற்பது மீதி.

சாமான் விஷயம் சுருக்கமாக. ஹெல்மெட் மலையேற்றத்துக்கோ குகைக்கோ என்று தரச்சான்று பெற்றதாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், காது மூடிவிடும். தலையில் மாட்டும் டோர்ச் ஒன்று, அதற்கு மேலதிகமாக இன்னும் இரண்டு வெளிச்சம். போனில் இருக்கும் டோர்ச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழங்காலுக்குக் கவசம், கைக்கு உறை. காலுக்குப் புறக்கோட்டையில் விற்கும் சாதாரண கம்பூட்ஸே போதும், பிரித்தானியக் குகைக்காரர்களும் அதைத்தான் போடுகிறார்கள். பெரிய விலைச் சப்பாத்து வாங்கிச் சேற்றில் விட வேண்டாம்.

உடுப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். குகைக்குள் வெப்பநிலை அநேகமாக வெளியே உள்ள வருடச் சராசரியை ஒட்டியிருக்கும். பிரித்தானியாவில் 8 முதல் 10 பாகை என்பதால் அங்கே எதிரி குளிர். இலங்கையின் தாழ்நிலக் குகையில் அதே தடித்த உடுப்பைப் போட்டால் அரை மணியில் வியர்த்து மயங்கிவிடுவீர்கள்.

படி 3: ஒரு கொப்பி வையுங்கள்

ஒவ்வொரு பயணத்துக்கும் திகதி, குகை, கூடப் போனவர்கள், காலநிலை, நீர் மட்டம், உங்கள் பொறுப்பு என்ன என்று எழுதுங்கள். தேர்வுக்குப் போனால் முதலில் கேட்பது இந்தக் கொப்பியைத்தான். ஒரே குகைக்குத் திரும்பத் திரும்பப் போய் எண்ணிக்கை கூட்டியிருந்தால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

படி 4: தலைமை என்பது எங்கே தொடங்குகிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். கயிறும் முடிச்சும் யாரும் பழகலாம். ஆட்களைப் பார்க்கத் தெரிவதுதான் நேரம் எடுக்கும்.

ஓர் இடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயசுக் கடேட் ஒருவன் நெஞ்சளவு உள்ளே போய் நிற்கிறான். "ஏலாது சேர்" என்கிறான். பின்னால் நாலு பேர், ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். தலைவர் முதலில் அந்த நாலு பேரையும் வாய் மூடச் செய்ய வேண்டும். பையன் காதில் ஒரு குரல் மட்டும் விழட்டும். அடுத்து, தன் தலை டோர்ச் அவன் கண்ணில் அடிக்காமல் திருப்ப வேண்டும். பிறகு மெதுவாக: ஒரு கையை முன்னே நீட்டு, மற்றதை உடம்போடு ஒட்டிப் பின்னே விடு, தோள் ஒடுங்கும். இப்போது மூச்சை வெளியே விடு, விட்டுக்கொண்டே கால் விரலால் தள்ளு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளினால் நெஞ்சு விரிந்து இன்னும் இறுகும். பயந்தவர் எல்லாரும் செய்வது அதைத்தான். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அப்படியும் நகரவில்லையென்றால் வந்த வழியே பின்னால் எடுத்துவிடுங்கள். எல்லாரும் திரும்புங்கள். "இவனால்தான் திரும்பினோம்" என்ற பேச்சு வெளியே வந்தும் எழக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதும் தலைவர் வேலைதான்.

அப்புறம் பழக வேண்டியவை:

வாசலில் ஆட்களை எண்ணுங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு இடுக்கு தாண்டியும் மறுபடி எண்ணுங்கள். கடைசியில் வருபவர் அனுபவசாலியாக இருக்கட்டும்.

பாதை பிரியும் இடத்தில் எல்லாரையும் நிறுத்தி, திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது பார்த்த பாதை வரும்போது அதே பாதையாகத் தெரியாது. வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் தவறுகிறார்கள்.

சுவரைப் படிக்கப் பழகுங்கள். தலைக்கு மேலே கல் வெடிப்பில் சருகும் குச்சியும் செருகியிருந்தால், நீர் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது. சுவரில் காய்ந்த நுரைத் தடம் இருந்தாலும் அதே அர்த்தம். ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ சத்தம் மாறினாலோ காரணம் ஆராயாமல் உயரமான இடத்துக்குப் போங்கள். 1967 ஜூன் 24இல் யோர்க்‌ஷயரின் மொஸ்டேல் குகையில் வெள்ளம் வந்து ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் புதியவர்கள் இல்லை.

இன்னொன்று, படையினருக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். குழுவில் ஆகக் கடைநிலை ஆளும் "திரும்புவோம்" என்று சொல்ல உரிமை இருக்க வேண்டும். காரணம் கேட்டு அவரை வெட்கப்படுத்தக்கூடாது. முகாமில் கட்டளை மேலிருந்து கீழே வரும். குகையில் முக்கியமான செய்தி பெரும்பாலும் வரிசையின் கடைசியிலிருந்துதான் வரும்.

படி 5: கயிறு

இரண்டாம் நிலையை நினைப்பவர்களுக்கு மட்டும். குகைக்குப் பயன்படுவது அதிகம் இழுபடாத கயிறு. குழுவை இறக்க வாங்குவதென்றால் அதில் இ.என். 1891, ஏ வகை என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், இப்படிக் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம் அது. புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைக்காரர், "தம்பி, யானையே தொங்கும்" என்று தரும் நைலோன் கயிறு சாமான் கட்டத்தான்.

முடிச்சுகளை வீட்டு வரவேற்பறையிலேயே பழகலாம். எட்டு முடிச்சு, போலைன், அல்பைன் பட்டர்பிளை, இத்தாலியன் ஹிச். முதலில் கண் திறந்து, பிறகு கண் கட்டி, பிறகு கையுறை போட்டு ஈரக் கயிற்றில். கயிற்றின் கீழ் நுனியில் எப்போதும் ஒரு முடிச்சு போடுங்கள். கயிறு நிலத்தைத் தொடவில்லை என்பது இருட்டில் தெரியாமல், நுனியைத் தாண்டி வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. கயிறு கல் விளிம்பில் உரசும் இடம் இருந்தால் கட்டும் இடத்தையே மாற்றுங்கள்.

தொங்குவதை மட்டும் புத்தகம் பார்த்தோ யூரியூப் பார்த்தோ பழகாதீர்கள். ஹார்னஸில், அதாவது கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டியில், அசையாமல் தொங்கிக் கொண்டிருக்கும் ஆள் நிமிடக் கணக்கில் ஆபத்துக்கு ஆளாகலாம். அவரை எப்படிக் கீழே எடுப்பது என்று தெரிந்த பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கால் நிலத்தை விட வேண்டும்.

படி 6: தேர்வு

பயிற்சியும் தேர்வும் இரண்டு கூறுகளாக வரும். உங்கள் சொந்தத் திறமை ஒன்று, குழுவை நடத்தும் திறமை மற்றது. முதலுதவிச் சான்றிதழ் கட்டாயம். தேறினால் அத்தோடு முடிவதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கும் அந்தக் கொப்பிதான் சாட்சி.

படி 7: இங்கே, இலங்கையில்

நம் நாட்டில் ‘குகை’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை கற்பாறைப் புகல்கள், அதாவது மேலே பாறை கூரை போல நீண்டு நிற்கும் ஒதுங்கிடங்கள். புளத்சிங்களவுக்குப் பக்கத்துப் பாஹியங்கல, குருவிட்டவின் பட்டதொம்ப லென, கித்துல்கலவின் பெலிலென எல்லாம் அந்த வகை. பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய மனித எச்சங்கள் கிடைத்த இடங்கள். அங்கே பயிற்சி என்று மண்ணைக் கிளறினால் தொல்பொருள் சட்டம் பாயும், பாயத்தான் வேண்டும். நீர் கரைத்து உண்டாக்கிய, உள்ளே நடந்து போகக்கூடிய சுண்ணாம்புக் குகைக்கு நல்ல உதாரணம் இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனே. பெயரே வௌவாலைத்தான் சொல்கிறது.

வௌவாலைத் தொடாதீர்கள், கையுறையோடும் வேண்டாம். எச்சம் குவிந்த இடத்தில் தூசி கிளம்பினால் நுரையீரல் தொற்று வரலாம், முகக்கவசம் போடுங்கள். காயத்தோடு சேற்று நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால் குகைக்குப் போனதை டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தினபுரிப் பக்கம் கைவிடப்பட்ட மாணிக்கக்கல் குழிகளைக் கண்டு, "இதிலும் இறங்கிப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளை அடுத்த பயணத்துக்குக் கூப்பிடாதீர்கள். உக்கின மரமும் கெட்ட காற்றும்தான் உள்ளே.

மாதம் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. சப்ரகமுவப் பக்கம் போக ஜனவரி, பெப்ரவரி பரவாயில்லை. கொழும்பில் வெயில் அடிக்கிறது என்பது கணக்கில்லை. குகைக்கு மேலே உள்ள மலையில் மழை பெய்ததா என்று பாருங்கள்.

அனுமதி விஷயத்தில் ஒரு படைக்கதை. 2004 மார்ச்சில் மெக்சிக்கோவின் குவெட்சலான் பகுதியில் பிரித்தானியப் படைக் குகைக்குழு ஒன்று இறங்கியது. வெள்ளம் வந்து ஆறு பேர் ஒரு வாரத்துக்கும் மேல் உள்ளே அடைபட்டார்கள். சாப்பாடு முன்யோசனையோடு வைத்திருந்ததால் உடம்புக்கு ஒன்றுமில்லை, சுழியோடிகள் போய் வெளியே எடுத்தார்கள். வெளியே வந்த பிறகுதான் உண்மையான தலையிடி. படையினர் சுற்றுலா விசாவில் வந்து நிலத்துக்குக் கீழே என்ன செய்கிறார்கள் என்று மெக்சிக்கோ அரசு கேட்டது. விஷயம் ஜனாதிபதி மட்டம் வரை போனது. கடைசியில் அவர்களை நாட்டை விட்டு அனுப்பினார்கள்.

ஆகவே குகை யாருக்குக் கீழ் வருகிறதோ அவர்களிடம், தொல்பொருள் திணைக்களமோ வனஜீவராசிகள் திணைக்களமோ விகாரையோ, எழுத்தில் அனுமதி எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லிவிடுங்கள். சீருடைக்காரர் நாலு பேர் கயிறோடு காட்டுக்குள் போனால் ஊர் என்ன நினைக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, கொழும்பில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் ஒரு துண்டு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் அம்மாவிடம் வேண்டாம், அவர் மத்தியானமே எல்லாரையும் அழைத்துவிடுவார். துண்டில் இவை இருக்கட்டும்: குகையின் பெயரும் போகும் வழியும், ஆட்களின் பெயர்ப் பட்டியல், உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம், எத்தனை மணி வரை அழைப்பு வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பது. அழைக்க வேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. வெளியே வந்ததும், சேறு கழுவ முன்னமே, அவருக்கு ஒரு கோல் எடுங்கள்.