டிமென்ஷியா முதற்கட்டப் பரிசோதனைக்கு ஆய்வு நிதி கேட்பது எப்படி: மலையகத்திலிருந்து முதன்முறை விண்ணப்பிப்போருக்கு

என் அம்மாயியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன அன்று அவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் அவர். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். முப்பதுக்குப் பன்னிரண்டு வந்தது. திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டினார்கள், அப்போது யார் கங்காணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அதே அம்மாயி அடுப்பில் சோறு வைத்ததை மறந்துவிடுகிறார் என்பதும் உண்மைதான். அந்தத் தாளில் இரண்டுமே விழவில்லை.

உலகத்தில் இதைக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள். 1998இல் தொடங்கிய '10/66' டிமென்ஷியா (மறதிநோய்) ஆய்வுக் குழுவின் பெயருக்கே ஒரு காரணம் உண்டு. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 வீதமானோர் வளர்ந்துவரும் நாடுகளில் வாழ்கிறார்கள். ஆராய்ச்சியில் 10 வீதத்துக்கும் குறைவான பங்கே அவர்களுக்குக் கிடைக்கிறது. இந்த இடைவெளியை நம் மலைகளில் ஒரு கையளவாவது நிரப்ப நினைக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் மருத்துவ மாணவராக இருக்கலாம், தாதியாக, உளவியல் பட்டதாரியாக, மருந்தாளராக இருக்கலாம். நிதி விண்ணப்பம் ஒன்றையும் இதுவரை பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை.

படி 1: எந்தக் கட்டம் என்பதைத் தெளிவாக்குங்கள்

மருந்துப் பரிசோதனையின் 1ஆம் கட்டத்தில் சிறு தொகையினரிடம் பாதுகாப்பையும் தாங்கக்கூடிய அளவையும் பார்ப்பார்கள். 2ஆம் கட்டத்தில் சரியான அளவையும் பலனுக்கான அறிகுறியையும் தேடுவார்கள். 3ஆம் கட்டம் பெரியது: டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய்க்கான லெகனெமாப் மருந்தின் 3ஆம் கட்டத்தில் 1,795 பேர் 18 மாதம் பங்கெடுத்தார்கள். அந்த மருந்து மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ உண்டாக்கக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கும் புது மருந்தைத் தேயிலைத் தோட்டத்தில் சோதிக்க நினைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு வலிப்பு வந்தால் லொறியைத் தேடும் இடத்தில் அது நியாயமல்ல. நமக்குப் பொருந்துவது மருந்தில்லாத சிகிச்சைகளுக்கான முதற்கட்டம், அதாவது சாத்தியப்பாட்டுப் பரிசோதனை. பின்லாந்தின் 'ஃபிங்கர்' ஆய்வு 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது சிந்தனைத் திறன் காக்கப்பட்டதை 2015இல் வெளியிட்டது. பின்லாந்தில் நடந்தது பொகவந்தலாவையில் நடக்குமா? இந்தக் கேள்விக்கு நிதி கேட்கலாம்.

படி 2: ஒரே ஒரு கேள்வி

என் முதல் விண்ணப்பம் தோற்றது இங்கேதான். மூன்று தோட்டம், முந்நூறு பேர், இரண்டு வருடம், "டிமென்ஷியாவைத் தடுப்போம்" என்று எழுதியிருந்தேன். இவ்வளவு சிறிய பணத்தில் அதற்கு விடை கிடைக்காது என்று மதிப்பாய்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரி.

இப்போது எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "நினைவுத் தடுமாற்றம் தொடங்கிய, 60 வயது தாண்டிய 60 பேரை, வாரம் இரண்டு மாலை ஒன்றுகூட்டி ஆறு மாதம் நடத்த முடியுமா? எத்தனை பேர் கடைசிவரை வருவார்கள்?" அறுபது என்ற எண்ணுக்கும் காரணம் சொல்ல வேண்டும். 60 பேரில் 48 பேர் நிலைத்தால் அது 80 வீதம். அந்தத் தொகையை வைத்து, உண்மை வீதம் ஏறக்குறைய 70க்கும் 90க்கும் இடையில் இருக்கும் என்று சொல்லலாம். அடுத்த பெரிய பரிசோதனையைத் திட்டமிட அவ்வளவு துல்லியம் போதும்.

நிறுத்தும் விதியையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். 75 வீதத்துக்கு மேல் நிலைத்தால் பச்சை, மேலே போகலாம். 55க்கும் 75க்கும் இடையில் மஞ்சள், திருத்திவிட்டுப் போகலாம். அதற்குக் கீழே சிவப்பு. இந்த எல்லைகள் நான் உதாரணத்துக்குச் சொல்பவை. உங்கள் எல்லைகளைக் குழுவோடு பேசி முடிவெடுங்கள். சிவப்பு வந்தால் நிறுத்துவேன் என்று எழுதத் துணிந்தவரை மதிப்பாய்வாளர் நம்புவார்.

இன்னொன்று. பயிற்சி பெறுவோரைப் பெறாதோரோடு ஒப்பிட நினைத்தால், ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவுக்குப் பயிற்சியும் பக்கத்துக் காம்பராவுக்கு இல்லை என்றும் சீட்டுக் குலுக்க முடியாது. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. இந்தப் பக்கம் பாடினால் அந்தப் பக்கம் சேர்ந்து பாடுவார்கள். ஆளுக்கு ஆள் பிரிப்பதை விட்டு, டிவிஷன் டிவிஷனாகப் பிரியுங்கள். அப்போது மேலே சொன்ன 70–90 இடைவெளி இன்னும் அகலும், பங்கெடுப்போர் கூடுதலாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடத்தான் அடுத்த படியில் வரும் புள்ளிவிபரவியலாளர்.

படி 3: ஆட்களைச் சேருங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர் தனியாக முதன்மை ஆய்வாளராக நிற்பது கடினம். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற ஒரு நிறுவனத்திலிருந்து மூத்த ஒருவர் வேண்டும். உளமருத்துவர், நரம்பியல் வைத்தியர், சமுதாய மருத்துவர் யாராகவும் இருக்கலாம். புள்ளிவிபரவியலாளரை முதல் நாளே சேருங்கள். எல்லாம் எழுதி முடித்துவிட்டு அவரிடம் கொடுப்பது, வீடு கட்டிய பிறகு அத்திவாரம் பார்க்கச் சொல்வது போல.

தோட்டத்துப் பக்கம் மருத்துவ உதவியாளர், குடும்பநல உத்தியோகத்தர், முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள் அல்லது மருமகள் என மூன்று பேராவது கேள்வியை வடிவமைக்கும்போதே உட்கார வேண்டும். எந்த நேரத்தில் கூட்டலாம் என்று ஒரு மருமகள் சொன்ன பதில்தான் எங்கள் திட்டத்தையே மாற்றியது. காலையில் பெரட்டு (வேலைக்குப் பெயர் கொடுப்பது), மாலையில் கொழுந்து நிறுவை முடித்து வந்து அடுப்பு. நாலரைக்கு முன் யாரும் கூட்டிவர மாட்டார்கள்.

படி 4: யாரிடம் கேட்பது

உள்ளூரில் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வு மானியங்கள். முதல் பணம் இங்கிருந்து வருவது நல்லது. சிறிய தொகைதான், ஆனால் உள்ளூரில் ஒன்றை முடித்துக்காட்டியவர் என்ற பெயர் வெளிநாட்டில் எடுபடும்.

வெளியில், சிக்காகோவைத் தலைமையிடமாகக் கொண்ட அல்சைமர் சங்கம் உலகம் முழுவதும் ஆய்வாளர்களுக்கு நிதி கொடுக்கிறது. அதன் 'பார்ட் த கிளவுட்' திட்டம் 2012இலிருந்து 1ஆம், 2ஆம் கட்டப் பரிசோதனைகளுக்கே உரியது. 1998இல் நிறுவப்பட்ட, நியூயோர்க்கின் அல்சைமர் மருந்துக் கண்டுபிடிப்பு அறக்கட்டளை பெரும்பாலும் மருந்துகளுக்கும் நோயைக் காட்டும் குறியீடுகளுக்கும் கொடுக்கும். பயிற்சித் திட்டத்தோடு அங்கே போய்க் காலத்தை விரயமாக்க வேண்டாம். அமெரிக்க தேசிய முதுமை நிறுவனம் பெரிய தொகை தரும். ஆனால் வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக விண்ணப்பிக்கலாமா என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், அந்தப் பகுதியை முதலில் வாசியுங்கள். சான் பிரான்சிஸ்கோவிலும் டப்ளினிலும் இயங்கும் உலக மூளை நல நிறுவனத்தில் ஒரு வருடப் புலமைத் திட்டம் உண்டு. அதை முடித்தவர்களுக்கென்று சிறு முன்னோட்ட நிதியும் இருக்கிறது. இளையவர்களுக்கு நான் மிகவும் சிபாரிசு செய்யும் வழி அது.

படி 5: விருப்பக் கடிதம்

பல அறக்கட்டளைகள் முழு விண்ணப்பத்துக்கு முன் ஒரு சிறு கடிதம் கேட்கும். அதில் ஐந்து விடயம் போதும்: பிரச்சினை, கேள்வி, யாரிடம், எப்படி, முடிந்தபின் என்ன. முதல் வரியில் "உலகில் 5 கோடிக்கும் மேற்பட்டோர்" என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். உங்கள் தோட்டத்தில் யாரும் அளக்காத ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

படி 6: எதைக் கொண்டு அளப்பது

விண்ணப்பத்தின் உயிர் இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எழுத்தறிவு வேண்டும் சோதனையை வைத்தால் என் அம்மாயிக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும். படிக்காதது நோயாகப் பதிவாகும். 10/66 குழு பயன்படுத்திய சமுதாய டிமென்ஷியா கண்டறிகருவி கல்வி குறைந்தவர்களையும் மனதில் வைத்து உருவானது. முதியவரிடமும் கேட்கும், அவரை நன்கு அறிந்த ஒருவரிடமும் கேட்கும். அந்தக் குழு சென்னையிலும் வேலூரிலும் களஆய்வு நடத்தியது. ஆகவே தமிழில் நடந்த வேலை நமக்கு முன்னாலேயே இருக்கிறது. சிட்னியில் உருவான 'ருடாஸ்' என்ற இன்னொரு கருவியும் மொழி, பண்பாடு கடந்து பயன்பட அமைக்கப்பட்டது.

ஆனால் வேலூர்த் தமிழை அப்படியே மஸ்கெலியாவுக்குக் கொண்டுவர முடியாது. "இது என்ன மாதம்?" என்றால் தடுமாறும் பாட்டி, "காமன் கூத்து முடிஞ்சிருச்சா?" என்றால் மாசி தாண்டிவிட்டதைச் சரியாகச் சொல்வார். இப்படிப்பட்ட மாற்றங்களை நீங்களாகச் செய்துவிடக் கூடாது. மொழிபெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குத் திருப்பி, இருபது முப்பது பேரிடம் கேட்டுப் பார்த்து, பிறகே பயன்படுத்த வேண்டும். அதற்கான மாதங்களையும் பணத்தையும் திட்டத்தில் காட்டுங்கள்.

வயதும் ஒரு சிக்கல். நம் பெரியவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அடையாள அட்டையில் இருப்பது யாரோ குத்துமதிப்பாக எழுதிய வருடம். நிகழ்வு நாட்காட்டி ஒன்றைத் தயாரியுங்கள்: 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எழுபதுகளின் நடுவில் பஞ்சமும் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1983 கலவரம். "பஞ்சத்துல ஒங்களுக்கு எத்தன புள்ள?" என்று கேட்டால் வயது தானாக வரும். இந்த நாட்காட்டியை இணைப்பாக வையுங்கள். இந்த மக்களை அறிந்தவர் எழுதுகிறார் என்று அது காட்டும்.

படி 7: சம்மதம்

"தொரை சொன்னாரு, கைநாட்டு வச்சேன்" என்று ஒருவர் சொன்னால் அது சம்மதமே இல்லை. தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அதோடு சரி. ஆள் சேர்க்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோ உத்தியோகத்தரோ இருக்கக் கூடாது. யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்ற பெயர்ப்பட்டியல் அவர்களிடம் போகக் கூடாது. படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி முன்னிலையில் கைநாட்டுப் பெறுங்கள். நினைவு மங்கியவர் விடயத்தில் குடும்பத்தின் சம்மதத்தோடு அவருடைய விருப்பமும் வேண்டும். ஒவ்வொரு மாலையும் திரும்பக் கேளுங்கள். மகன் சரி என்று சொல்லியிருந்தாலும், "எனக்கு வேணாம்யா" என்று பாட்டி எழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

படி 8: பணக் கணக்கு

புதியவர்கள் கருவிக்கும் கணினிக்கும் எழுதிவிட்டு மனிதரை மறந்துவிடுகிறார்கள். கூட்டிவரும் மகளுக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி) போனால் அந்தக் கூலியை நாம் கொடுக்க வேண்டும். சம்பள நிர்ணய சபை அறிவித்த நாட்கூலியை வைத்துக் கணக்கிடுங்கள், ஆசை காட்டும் அளவுக்கு உயர்த்த வேண்டாம். ஆட்டோச் செலவு, தேநீரும் சிற்றுண்டியும், மழைநாளில் ரத்தாகும் கூட்டங்களுக்கு மேலதிகத் தொகை, மொழிபெயர்ப்பு, பங்கெடுப்போருக்கான காப்புறுதி எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செலவுக்குச் சில அறக்கட்டளைகள் எல்லை வைக்கும், சில கொடுக்கவே மாட்டா.

பாதுகாப்புக் கண்காணிப்புக்கும் ஒரு வரி வேண்டும். ஏ.என்.1792 என்ற அல்சைமர்த் தடுப்பூசியின் பரிசோதனை, பங்கெடுத்தோரில் ஏறக்குறைய 6 வீதத்தினருக்கு மூளை அழற்சி வந்ததால் 2002இல் நிறுத்தப்பட்டது. நம்முடையது வெறும் உடற்பயிற்சி என்றாலும் முதியவர் விழுந்து இடுப்பு முறியலாம். யார் பதிவார், யார் நிறுத்தச் சொல்வார் என்று எழுதுங்கள்.

படி 9: அனுமதிகள்

ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி கட்டாயம். மருந்தோ மருத்துவ சாதனமோ சோதிக்கப்பட்டால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடமும் போக வேண்டும். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதியுங்கள். பின்னால் பதிந்தால் பல சஞ்சிகைகள் கட்டுரையை ஏற்கமாட்டா.

படி 10: திருப்பி அனுப்பினால்

பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள். கருத்துரைகளை இரண்டு நாள் மூடிவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி எதிரே பதில் எழுதுங்கள். நான் முந்நூறை அறுபதாக்கினேன், மூன்று தோட்டத்துக்குப் பதில் ஒன்றை மட்டும் எடுத்தேன், "தடுப்போம்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன்: முடிவுகளைச் சொல்ல, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) ஒரு ஞாயிறு மாலைக் கூட்டம், அறுபது குடும்பத்துக்கும் தேநீர். செலவுப் பட்டியலிலேயே மிகச் சிறிய தொகை அதுதான். அதை வெட்டச் சொல்லி ஒரு மதிப்பாய்வாளரும் எழுதவில்லை.