வன்னியில் கரோல் இசை மாலை: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை

நத்தார் ஒளி விழாவில் நாலு பாட்டுப் பாடுவது ஒரு வேலை. பாடகர் குழு, வாத்தியக் குழு, விருந்தினராக வரும் தனிப்பாடகர் என மூன்று தரப்பையும் ஒரே மேடையில் ஒன்றேகால் மணி நேரம் சேர்த்து நிறுத்துவது இன்னொரு வேலை. இரண்டாவதை முதன்முறை செய்யப்போகும் குழுக்களுக்கான விளக்கம் இது. 24 பாடகர், 8 வாத்தியக்காரர், 2 தனிப்பாடகர், 12 பாட்டு என்று கணக்கு வைத்திருக்கிறோம். பாடகர் குழுவுக்கு எந்தச் சுருதி வசதியோ அதற்கு மற்றவர்கள் இணங்கிப் போக வேண்டும் என்பதை முதலே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

படி 1: நாளும் நேரமும்

பத்து வாரம் வேண்டும். அதாவது ஒக்ரோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். அது பெரும்போக விதைப்புக் காலம், கூடவே மழையும் தொடங்கிவிடும். வயல் வேலை உள்ளவர்களை வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டால் இரண்டாம் கிழமையே ஆள் குறையும். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், கிழமை நாளில் பின்னேரம் 4 மணியிலிருந்து 5.30 வரை ஒருமுறை, இது போதும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் 5.30 என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இருட்டினால் யானைப் பயம், கடைசி பஸ்ஸும் போய்விடும். பரீட்சை எழுதும் பிள்ளைகளின் அட்டவணையையும் இந்தக் கட்டத்திலேயே வாங்கி வையுங்கள்.

படி 2: குரல் பிரித்தல்

ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவிட்டு, கீபோட்டில் எங்கிருந்து எங்குவரை சிரமமில்லாமல் போகிறார் என்று குறியுங்கள். சொப்ரானோவுக்கு (பெண்களின் உயர்ந்த குரல்) நடு ஸியிலிருந்து (கீபோட்டின் நடுவிலுள்ள ஸி) அதற்கடுத்த ஸ்தாயியின் ஜி வரை. அல்ரோவுக்கு (பெண்களின் தாழ்ந்த குரல்) நடு ஸிக்குக் கீழுள்ள ஜியிலிருந்து மேல் டி, அதாவது அடுத்த ஸ்தாயியின் டி வரை. ரெனருக்கு (ஆண்களின் உயர்ந்த குரல்) நடு ஸிக்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து நடு ஸிக்கு மேலுள்ள ஜி வரை. அதற்கும் கீழே நிற்கும் ஆண் குரல்கள் பேஸ். எட்டு, ஆறு, நாலு, ஆறு என்று பிரிந்தால் நல்ல சமநிலை.

ரெனர் மூன்று பேருக்குக் குறைந்தால் நாலு குரலை மறந்துவிடுங்கள். ஆண்கள் எல்லோரையும் ஒரே வரியில் சேர்த்து மூன்று குரலாகப் பாடுவது எவ்வளவோ மேல். நாலு குரலில் தடுமாறுவதைவிட ஒரே குரலில் சுத்தமாகப் பாடுவதுதான் கேட்பவர் மனதைத் தொடும்.

படி 3: சுருதி அட்டவணை

பாட்டின் பெயர், சுருதி, வேகம், முன்னிசை எத்தனை தட்டு, யார் தொடங்குவது: இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் பிரதி கொடுங்கள். சபையும் சேர்ந்து பாடும் பாட்டுகளில் உச்ச சுரம் மேல் டியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பயிற்சியில்லாத குரல்கள் கத்தத் தொடங்கும், அல்லது நின்றுவிடும்.

எங்கள் ஊர்களில் வாத்தியக் குழு இரண்டு மரபுகளில் இருந்து சேர்வதால் சிக்கல் இங்கேதான் வரும். மேற்கத்திய முறையில் படித்தவரின் வயலின் ஜி, டி, ஏ, ஈ என்று கட்டப்பட்டிருக்கும். கர்நாடக முறையில் படித்தவரின் வயலின் ச, ப, ச, ப என்று தனக்கு வேண்டிய கட்டையில் (சுருதி நிலையில்) இருக்கும். இருவரையும் பக்கத்தில் இருத்தி ஒரே தாளைக் கொடுத்தால் பிந்தியவர் ஒவ்வொரு பாட்டுக்கும் தடுமாறுவார். கர்நாடக வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் மூன்றையும் ஒரே சுருதியிலுள்ள மூன்று நாலு பாட்டுகளுக்கு மட்டும் வைத்து, அந்தப் பாட்டுகளை நிகழ்ச்சியில் அடுத்தடுத்துப் போடுங்கள். குழலுக்குச் சுருதி மாறினால் குழலையே மாற்ற வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கத் தோல்) மாரி ஈரத்தில் சுருதி இறங்கும். ஆகவே பாடுவதற்குச் சற்று முன்னர் மறுபடி சுருதி பார்க்க நேரம் கொடுங்கள்.

பாடசாலை பாண்டிலிருந்து ட்ரம்பெட், கிளாரினெட் பிள்ளைகளைச் சேர்ப்பது நல்லது. ஆனால் இவை பெரும்பாலும் பி பிளாட் வாத்தியங்கள். தாளில் ஸி என்றிருப்பதை வாசித்தால் பி பிளாட்தான் கேட்கும். கீபோட் தாளை அப்படியே கொடுத்தால் முழுப் பாட்டும் ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். அவர்களின் தாளை ஒரு முழுச் சுரம் உயர்த்தி எழுதுங்கள். ட்ரம்பெட்டைக் கடைசிச் சரணத்துக்கு வைத்துக்கொண்டால் பாடகர் குரல் மூழ்காது.

கீபோட்காரருக்கு ஒரு வார்த்தை. சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு பாட்டுக்கு மாற்றினால் பாட்டு முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் அடுத்த பாட்டின் முதல் வரியிலேயே எல்லாம் கலையும். தாளில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சிவப்பில் "0" என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

படி 4: பயிற்சி

முதல் மூன்று வாரம் குரல் குரலாகப் பிரித்துப் பழக்குங்கள். நாலாம், ஐந்தாம் வாரம் சேர்த்துப் பாடுங்கள். ஆறாம் வாரம் வாத்தியக் குழு தனியே, ஏழாம் வாரத்திலிருந்து எல்லோரும். இசைத்தாள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு குரல்வரியையும் தனித்தனியே பதிவு செய்து வாட்சப்பில் அனுப்புங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சுருதி ஒலிக்க வேண்டும்.

அல்ரோவை முதலில் பழக்குங்கள். மெட்டைப் பாடுவது சொப்ரானோ; அதைக் கேட்ட காது அதன் பின்னாலேயே போய்விடும். அல்ரோவையும் பேஸையும் மட்டும் சேர்த்து இரண்டு நாள் பாடவிட்டு, பிறகு சொப்ரானோவைச் சேர்த்தால் அல்ரோ அசையாது.

உச்சரிப்பில்தான் நாங்கள் ஆகக் கூடுதலாக நேரம் செலவிடச் சொல்வோம். மேற்கத்திய மெட்டுக்குத் தமிழ் வரி போட்ட பாட்டுகளில் குறில் எழுத்து நீண்ட சுரத்தில் வந்து விழும். "விண்" என்பதை நாலு தட்டுக்கு இழுத்தால் சபைக்கு "வீண்" என்று கேட்கும். உயிரைக் குறுக்கிச் சொல்லி, மீதித் தட்டை "ண்" என்ற மெய்யில் நிறுத்துங்கள். மெய்யில் நிற்க முடியாத இடமென்றால் அசையை அடுத்த சுரத்துக்குத் தள்ளுங்கள். வரி முடிவிலுள்ள "ர்", "ம்" எல்லோருக்கும் ஒரே கணத்தில் மூட வேண்டும். அதற்கு நெறியாளரின் கை மூடும் சைகை ஒன்று போதும்.

வாத்தியமில்லாமல் பாடும்போது சுருதி இறங்கினால், எங்கே இறங்குகிறது என்று தேடுங்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்திலும், வரி கீழிறங்கும் இடத்திலும்தான் பெரும்பாலும் நழுவும். மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் பாதி சரியாகும். அப்படியும் இறங்கினால் பாட்டை அரைக் கட்டை உயர்த்திப் பாருங்கள்.

படி 5: தனிப்பாடகர்

நாலு வாரத்துக்கு முன்பே பாட்டு, சுருதி, முன்னிசைப் பதிவு மூன்றும் அவர் கையில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் தன் கட்டையில்தான் பாடுவேன் என்றால் தனியாகப் பாடும் பாட்டுக்குச் சம்மதிக்கலாம். குழுவோடு சேர்ந்து பாடும் பாட்டில் குழுவின் சுருதிதான். பஸ் வராமல் போகலாம், வீதியில் வெள்ளம் ஏறலாம். ஆகவே அதே பாட்டைக் குழுவிலிருந்து ஒருவருக்கும் பழக்கி வையுங்கள்.

படி 6: மேடை, ஒலி, மின்சாரம்

பாடகர் மூன்று வரிசையில், அரைவட்டமாக. ஒவ்வொருவர் கையிலும் மைக் கொடுக்க வேண்டாம். சற்றுத் தள்ளி நிற்பவர் குரலையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் இரண்டு இருந்தால் போதும். அவற்றுக்கு மிக்சரில் 48 வோல்ற் பொத்தானைப் போட வேண்டும். முதல் வரிசையிலிருந்து இரண்டடி தூரத்தில் வைத்தால், மைக்குகளுக்கு இடையே ஆறடி விடுங்கள். நெருக்கினால் குரல் குழம்பி மெலியும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி. பின்னால் போனால் கூவத் தொடங்கும்.

ஜெனரேற்றருக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கர் 1000 வாற், மிக்சரும் கீபோட்டும் 70, விளக்குகள் 200, மொத்தம் 1270. 2.5 கேவிஏ ஜெனரேற்றர் ஏறத்தாழ 2000 வாற் தரும், தாராளமாகப் போதும். அதை மண்டபத்துக்குப் பின்னால் தள்ளி, புகை மண்டபத்துக்குள் வராதபடி காற்று வீசும் திசையைப் பார்த்து வையுங்கள்.

தகரக் கூரையில் பலத்த மழை கொட்டினால் மெல்லிய பாட்டு எதுவும் கேட்காது. ஆகவே நிகழ்ச்சிப் பட்டியல் இரண்டு வேண்டும். மழைப் பட்டியலில் எல்லா வாத்தியமும் சேரும் பாட்டுகள் முன்னே வரும், மெல்லியவை பின்னே போகும். எதைப் பின்பற்றுவது என்று ஒருவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

பாட்டுகளுக்கு இடையே வேத வாசகங்களை வைப்பது நல்ல வழக்கம். 1880இல் இங்கிலாந்தின் துரூரோவில் ஒன்பது வாசகங்களோடு தொடங்கிய ஒழுங்கு இது. 1918இலிருந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் நடக்கிறது. எங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: வாசிக்கும் இரண்டு நிமிடத்தில் வாத்தியக்காரர் சத்தமில்லாமல் சுருதி சரிபார்க்கலாம்.

மின்சாரமும் ஜெனரேற்றரும் ஒன்றாகக் கைவிட்டால் நிறுத்தாதீர்கள். உலகம் முழுதும் பாடும் அந்த அமைதியான இரவுப் பாட்டு (சைலன்ற் நைற்), 1818 டிசெம்பர் 24இல் ஒஸ்திரியாவின் ஒபெர்ன்டோர்ஃப் ஆலயத்தில் இரண்டு ஆண் குரலும் ஒரு கிற்றாரும் ஒரு சிறு குழுவுமாகத்தான் முதலில் பாடப்பட்டது. கிற்றாரோடு மட்டும் பாடக்கூடிய மூன்று பாட்டுகளை முன்பே பழகி, கிற்றார்காரரை நெறியாளருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ரோர்ச் லைற் நாலும் அவர் கதிரைக்குக் கீழே இருக்கட்டும்.