தேர்தலில் மனம் வெறுத்து அமெரிக்காவிலிருந்து கனடா போக

2016 நவம்பர் தேர்தல் இரவில் கனடா குடிவரவுத் துறையின் இணையதளமே முடங்கியது. ஆனால் அரசியல் வெறுப்புக்கென்று தனி விசா கிடையாது. சுற்றுலாவாகப் போனால் பொதுவாக 6 மாதம் தங்கலாம், வேலை செய்ய முடியாது.

நிரந்தரமாகக் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரிதான் (திறன் பணியாளர்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் கனடா அரசின் முறை) முக்கிய வழி. வெளிநாட்டுத் திறன் பணியாளர் பிரிவில் 100க்கு 67 புள்ளிகள் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி என்பதால் மொழித்தேர்வு தேவையில்லை என்று பலர் நினைத்து இங்கேயே சறுக்குகிறார்கள். எல்லோரும் எழுதியாக வேண்டும். முடிவு 2 ஆண்டுதான் செல்லும். அமெரிக்கப் பட்டத்துக்கும் கல்வி மதிப்பீடு வாங்குங்கள். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வந்தபின் 60 நாள்தான் அவகாசம். எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) தரும் நன்னடத்தைச் சான்றுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. யாரை அழைப்பது என்று முடிவுசெய்யும் தரவரிசையில் முப்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் வயதுப் புள்ளி குறையும், தள்ளிப்போடாதீர்கள்.

அமெரிக்கக் குடிமக்களான பொறியாளர், செவிலியர், கணக்காளர் போன்றோர் வேலைக்கடிதமும் சான்றிதழ்களும் இருந்தால் எல்லையிலேயே வேலை அனுமதி கேட்கலாம். வேகமான வழி, ஆனால் தற்காலிகமானது.

எங்கே இருந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் வருமானவரிக் கணக்கு அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை உண்டு. வாக்குரிமையும் போகாது, கடைசியாக வசித்த மாநிலத்தில் தபால் வாக்குக்குப் பதியுங்கள்.