“எரியுது, ஒரு குளிசை தாங்கோ”: பாலியல் நோயில் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பாமசி. கூட்டம் குறையும்வரை கண்ணாடி அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன் மெல்லக் குனிந்து, “அண்ணை, சலம் போகேக்க எரியுது, ஏதாவது குளிசை தாங்கோ” என்கிறான். சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோடிக், பத்துக் குளிசை கைமாறுகிறது. யாருக்கும் தெரியாமல் காரியம் முடிந்த நிம்மதி அவனுக்கு.

அந்த எரிச்சல் கொனோரியா, அதாவது பெரியவர்கள் சொல்லும் வெட்டை நோயாக இருந்தால், அந்தக் குளிசையை நம்பவே முடியாது. ஒரு காலத்தில் நன்றாகக் கேட்ட மருந்துதான், கிருமி பழகிவிட்டது. அதற்கு முன்பே பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் தோற்றுப்போயின. இப்போது முதல் தெரிவு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலில் 1 கிராம், ஒரே தடவை. கிளமிடியா என்ற இன்னொரு பாலியல் நோய்க்கும் அதே எரிச்சல்தான், ஆனால் மருந்து வேறு: டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் மாலையும், 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அதுவும் ஆகாது. இரண்டு கிருமியும் ஒன்றாக இருப்பதும் சாதாரணம். எரிச்சலை வைத்து மருந்தை ஊகிக்க வழியில்லை, பரிசோதனைதான் வேண்டும். ஹேர்பீஸ் கொப்புளம் என்றால் அது வைரஸ். எந்த அன்டிபயோடிக்கும் வேலைசெய்யாது.

என்னைக் கேட்டால், ஆளை அதிகம் ஏமாற்றுவது சிபிலிஸ் என்ற பாலியல் நோய். வலியில்லாத புண் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். பூசிய களிம்புதான் சுகமாக்கியது என்று நினைத்துவிடுவார்கள். கிருமி உள்ளே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், கொனோரியாவிடம் தோற்ற பெனிசிலின் இதற்கு இன்றும் கேட்கும். ஆரம்பக் கட்டமென்றால் 24 இலட்சம் அலகு பென்சதீன் பெனிசிலின், ஒரே ஊசி. அன்றிரவு காய்ச்சல் வரலாம். கிருமி சாவதால் வருவது அது, பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை.

அப்புறம் துணை. கணவன் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு மனைவியிடம் மறைத்தால் நோய் சுற்றிச் சுற்றி வரும். கிளமிடியா பெண்களில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. இருவரும் மருந்து எடுத்து 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும்.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரச பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. இலவசம், இரகசியம் காப்பார்கள். வாய்வழி உறவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், தொண்டையிலும் மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். பாமசியில் வாங்கிய குளிசையின் வெறும் அட்டை இருந்தால் எறியாமல் கொண்டுபோங்கள். ஏற்கெனவே என்ன விழுங்கினீர்கள் என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும்.